மாவுச் சாக்குத் திரை

இப்போது தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்துக் காம்பராக்களில்கூடச் சுவரை அடைத்துக்கொண்டு டிவி தொங்குகிறது. பாயில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, கழுத்து வலிக்கிறதென்று தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள். படம் பெரிதாக இருந்தால்தான் நல்லது என்ற எண்ணம் நம்முடைய ஆட்களுக்கு நேற்று வந்ததல்ல. டிவி என்ற சொல்லே தெரியாத ஐம்பத்தேழாம் வருசத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், அந்த எண்ணம் மாயாண்டியைப் பிடித்து ஆட்டியது. காரணம் தெரிந்தால் அவனைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது.

மாயாண்டி கவ்வாத்துக்காரன். நாள் முழுக்கக் கத்தியும் கையுமாகத் தேயிலைச் செடியை வெட்டிவிட்டு, பாதி நாள் மழையில் நனைந்துகொண்டுதான் வீடு வருவான். அவன் பெண்சாதி அழகம்மா காம்பரா வாசலில், அடுப்பு வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் தெரிய, நின்றுகொண்டிருப்பாள். "மழைக்கு ஒதுங்கத் தெரியாத மனுசன்" என்று ஏசுவாள். ஏசிக்கொண்டே சிரிப்பாள்.

கொழும்பிலிருந்து தேயிலையைப் பற்றிப் படம் எடுக்க ஒரு கூட்டம் வந்தபோது, கொழுந்தெடுத்த பெண்களில் அவளைத்தான் நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் படம்பிடித்துக்கொண்டு போனார்கள். "என்னத்துக்குச் சிரிக்கச் சொன்னாங்கன்னே தெரியல. அதை நெனச்சுத்தான் சிரிச்சேன்" என்றாள் அன்று மாலை. அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் அவளுடைய போட்டோ ஒன்றுகூட இல்லை. பக்கத்திலேயே இருக்கிற முகத்தை யார் படம் பிடித்து மாட்டுவார்கள்? ஒரு நாள் காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போது, அவள் மூக்குத்தி எந்தப் பக்கம் என்று மாயாண்டிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அன்று முழுவதும் அவனுக்குக் கை ஓடவில்லை. பிள்ளையில்லாத வீடு, யாரைக் கேட்பது? கட்டினவன் போய் இதைக் கேட்டால் சிரிக்க மாட்டார்களா? இப்படியே போனால் அவள் முகமே தன்னிடம் இல்லாமல் போய்விடும் என்று பயந்தான்.

அப்போதுதான் அந்தத் தேயிலைப் படத்தைத் தோட்டம் தோட்டமாகக் காட்டுகிறார்கள் என்ற செய்தி வந்தது. ஒரே ஒரு சாயங்காலம், மறுநாள் வேறு தோட்டம். மழை விடாததால் பிள்ளைமடுவத்தில் காட்டுவதென்று முடிவானது. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகும் அறை அது. தொட்டில்களை அவிழ்த்துவிட்டாலும் பெரிய இடமென்று சொல்ல முடியாது. படம் காட்டும் கொட்டகலை ஊர்க்காரர் இக்னேசியஸ் முந்தின நாளே வந்து பார்த்தார். "சின்னத் தெரையே போதுங்க. அறைக்குத் தகுந்த படந்தான் கண்ணுக்குப் பிடிக்கும்" என்றார்.

தோட்டத் தலைவர் இராமையாவுக்கு அது இறங்கவில்லை. "பொறந்ததுல இருந்து புறாக்கூடு மாதிரி காம்பராவுல கெடக்குறோம். படமாவது பெருசா இருக்கட்டுமே, தம்பி."

"செவரு முழுக்கப் போட்டுருங்க. தெரை நான் தைக்கிறேன்" என்றான் பின்னால் நின்ற மாயாண்டி. பெரிதாகத் தெரிந்தால் ஒன்றும் விட்டுப்போகாது என்பது அவன் கணக்கு.

வீடு வீடாகப் போய் வெள்ளை மாவுச் சாக்குகளைக் கேட்டு வாங்கி, எழுத்துப் போகத் தேய்த்து, அடுப்புக்கு மேலே காயவைத்துத் தைத்தான். கவ்வாத்துக் கத்தி பிடித்த கைக்கு ஊசி பணியவில்லை. தையல் கோணல்மாணலாக ஓடினாலும் திரை சுவரை நிறைத்தது. இக்னேசியஸ் தலையைச் சொறிந்தார். அவ்வளவு பெரிதாகப் படம் விழ வேண்டுமானால் மிஷினை அறைக்குள் வைக்க முடியாது. வராந்தாவில் மேசை போட்டு, கதவுக்குப் பக்கத்து ஜன்னல் வழியாக வெளிச்சத்தை உள்ளே விட்டார்.

இன்னொரு தப்பும் நடந்தது. காமன்கூத்து பார்த்துப் பழகிய சனத்துக்கு முன்வரிசைதான் மரியாதை. "அழகம்மா வூட்டுக்காரருக்கு எடம் விடுங்க" என்று மாயாண்டியைத் திரைக்கு அடியிலேயே உட்காரவைத்தார்கள். வெளுத்த வேட்டியும் திருநீறுமாக, பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி அவனும் போய் உட்கார்ந்தான்.

மலை வந்தது, கூடைகள் வந்தன. "அந்தா அழகம்மா" என்று பின்னால் ஒரே குரலாகச் சொன்னார்கள். மாயாண்டி அண்ணாந்தான். கறுப்பும் வெளுப்புமாக ஏதோ அசைந்தது. ஒரு கோடியில் பல், இன்னொரு கோடியில் கூடைக் கயிறு, நடுவில் அவனுடைய கோணல் தையல். அவன் தலையைத் திருப்பி முடிப்பதற்குள் தேயிலை ரயிலேறிக் கொழும்புக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அப்படியே இருக்கா" என்று பக்கத்து வீட்டு ராசம்மா மூக்கைச் சிந்தினாள். ஊரே பார்த்துவிட்டது, கட்டினவன் பார்க்கவில்லை.

படம் முடிந்ததும் சனத்தை விலக்கிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தான். "தம்பி, எனக்குத் தெரியலீங்க."

"என்ன தெரியலண்ணே?"

"அவ மொகம். எல்லாரும் பாத்தாங்க, எனக்கு மட்டும் தெரியல."

இக்னேசியஸ் சுருளைத் திரும்பச் சுற்றத் தொடங்கினார். "இந்தத் தடவ முன்னுக்குப் போகாதீங்க. எவ்வளவு பின்னால போக ஏலுமோ, அவ்வளவு போங்க."

உள்ளே பின்னால் என்று ஓர் இடம் இருந்தால்தானே. மாயாண்டி வராந்தாவை விட்டு இறங்கி, பாதையைக் கடந்து, எதிர்ப்பக்கம் தேயிலையோரமாக நின்றான். மழை நெற்றித் திருநீற்றைக் கரைத்தது. அங்கிருந்து பார்க்க, திறந்த கதவு வழியாகத் திரையின் நடுப்பகுதி மட்டும் தெரிந்தது. தையல் தெரியவில்லை.

மலை வந்தது, கூடைகள் வந்தன. பிறகு வாசலில் அழகம்மா வந்து நின்றாள்.

அவள் உயரம், அவள் அளவு. மூக்குத்தி இடப்பக்கம். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம். மழையில் நனைந்து நிற்கிறவனை நேராகப் பார்த்து, சிரிக்கச் சொன்னதை நினைத்துச் சிரித்தாள். மாயாண்டி வாய்விட்டு அழுதான்.

"ஏம்ப்பா நனையிற?" வராந்தாவிலிருந்து இராமையா கூப்பிட்டார். "உள்ளுக்கு வா, கிட்ட இருந்து பாரு."

"இருக்கட்டுங்க தலைவரே" என்றான் மாயாண்டி, கண்ணை எடுக்காமல். "இங்கேருந்து பாத்தாத்தான் அவ அவளா இருக்கா."