கிளைட்டன் வள்ளத்தின் வழியாக

பெரியதாழைக்கு எமில்டா கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றைக்கூட அந்த ஞாயிற்றுக்கிழமை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை.

அவள் அந்த ஊர்ப் பெண்தான். தூத்துக்குடியில் ஒரு பொறியியல் கல்லூரியில் கணினி நெட்வொர்க் பற்றி முதுகலை படித்துக்கொண்டிருந்தாள். அவளும் அவளோடு படிக்கும் நாசரேத்துக்காரி ஷெர்லியும் சேர்ந்து செய்த கடைசியாண்டு புராஜெக்ட் அது. சோப்பு டப்பா அளவில் ஒரு ரேடியோ பெட்டி. வள்ளத்தில் கட்டிவிட்டு செல்போனோடு இணைத்தால், டவர் கிடைக்காத ஆழத்திலிருந்தும் செய்தி அனுப்பலாம். ஒரு வள்ளத்துப் பெட்டி அடுத்த வள்ளத்துப் பெட்டிக்குக் கைமாற்றும், அது அதற்கடுத்ததற்கு. கடைசியில் பங்குச் சாமியாரிடம் கேட்டு மாதா கோயில் கோபுரத்தில் மாட்டியிருந்த ஆண்டெனாவுக்கு வந்து சேரும். கல்லூரி லேபில் அது பிசகே இல்லாமல் ஓடியது.

பூசை முடிந்து வந்தவர்கள் கோயில் முற்றத்தில் நின்று பொறுமையாகத்தான் கேட்டார்கள். பிறகு கிளைட்டன் முன்னால் வந்தார். ஊரில் அவருடைய வள்ளம்தான் மற்ற எல்லாவற்றையும் விட ஆழத்துக்குப் போகும்.

“ஏளா, நான் அனுப்புத செய்தி யாரு வள்ளம் வழியா வரும்?”

“பக்கத்துல யாரு நிக்காங்களோ அவங்க வழியா, மாமா.”

“அப்ப நான் எந்தப் பாருல, எந்த எடத்துல வலை போட்டிருக்கேன்னு உங்கப்பனுக்குத் தெரிஞ்சிரும்லா?”

மறுபக்கம் நின்றிருந்த அவளுடைய அப்பா மனுவேல் பொங்கிவிட்டார். “நான் எங்கன கெடக்கேன்னு மட்டும் ஒனக்குத் தெரியலாமாக்கும்?”

ஒருமுறை கடலில் இருவர் வலையும் சிக்கி அறுந்துபோனதிலிருந்து அவர்களுக்குள் பேச்சு இல்லை. இப்போது பேசியதும் சண்டையாகத்தான் முடிந்தது. கூட்டம் கலைந்தது. பெட்டிகளைப் பையில் அடுக்கும்போது எமில்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஓர் ஆண்டு உழைப்பு. அலைவரிசை, பேட்டரி, உப்புக்காற்று என்று எல்லாவற்றையும் யோசித்தவர்கள் இதை மட்டும் யோசிக்கவில்லை.

தூத்துக்குடி திரும்பும் பஸ்ஸில் ஷெர்லி சொன்னாள்: “எல்லாத்தையும் பூட்டி அனுப்புவோம் எமி. அனுப்புறவங்களும் கரையில அவங்க வீட்டாளும் மட்டும்தான் படிக்க முடியணும். நடுவுல உள்ள பெட்டி சுமந்துட்டுப் போகும், அவ்வளவுதான்.”

“ஆபத்துன்னு ஒருத்தன் அனுப்புனா?”

“அதையும் பூட்டித்தான். ஒண்ணுக்கு விலக்கு குடுத்தா நம்மள நம்ப மாட்டாங்க.”

“பக்கத்துல நிக்கவனுக்கே தெரியாம செய்தி கரைக்கு வந்து, கரையிலருந்து ஆள் கிளம்பிப் போறதுக்குள்ள அவன் முங்கிருவாம்ளா.”

ஷெர்லி விட்டுக்கொடுக்கவில்லை. எமில்டாவும் விடவில்லை. லேபில் ஒரே மேசையில் உட்கார்ந்துகொண்டு, வேண்டியதைத் தவிர வேறெதுவும் பேசாமல் வேலை பார்த்தார்கள். பூட்டு தயாரானது. அந்த ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்றது. கடைசியில் எமில்டாதான் இறங்கிவந்தாள். “நாம ரெண்டு பேரும் ஏன் முடிவு பண்ணணும்? கடலுக்குப் போறவங்ககிட்ட கேப்போம்.”

இரண்டாவது கூட்டம் கோயில் திருவிழா முடிந்த கையோடு நடந்தது. இந்தமுறை எமில்டா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சோதனைக்கு மட்டும் மனுவேல் கையில் ஒரு பெட்டியும் கிளைட்டன் கையில் ஒரு பெட்டியும் கொடுத்து, மனுவேலின் பெட்டியிலிருந்து ஒரு செய்தியைக் கிளைட்டனின் பெட்டி வழியாக அனுப்பினாள். கிளைட்டனின் போனில் வெறும் கிறுக்கல்தான் தெரிந்தது. அவர் நம்பவில்லை. சென்னையில் சாப்ட்வேர் வேலையில் இருந்து திருவிழாவுக்கு வந்திருந்த தன் தங்கை மகன் ரெனிஷை இழுத்துவந்து உட்கார வைத்தார். ரெனிஷ் லேப்டாப்பைத் திறந்து, வியர்த்து, இரண்டு சோடா குடித்து, கடைசியில் தலையை ஆட்டினான்.

“முடியாது மாமா. நான் இல்ல, எங்க ஆபீசே வந்தாலும் முடியாது.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எமில்டா கேட்டாள்: “இப்ப நீங்க சொல்லுங்க. ஆபத்துன்னு பெட்டியில உள்ள இந்தச் சிவப்புப் பொத்தான அமுக்குனா, அதையும் பூட்டணுமா, எல்லாருக்கும் காட்டணுமா?”

ஆளுக்கொன்று சொன்னார்கள். “சும்மாவே அமுக்கி அடுத்தவன அலைய விடுவானுவோ,” என்றார் ஒருவர். “நம்ம எடம் தெரிஞ்சிரும்லா,” என்றார் இன்னொருவர். சத்தம் கூடியது. எமில்டாவுக்குப் பொறுமை போனது.

“மீன் கெடக்குற எடத்த மறைங்க. ஆள் கெடக்குற எடத்தயுமா மறைப்பீங்க?”

கடலில் ஆளைப் பறிகொடுக்காத வீடு அங்கே குறைவு. கிளைட்டன் ஓர் அடி முன்னால் வந்தார்.

“அமுக்குத வரைக்கும் நம்ம எடம் வெளிய தெரியாதுல்லா?”

“தெரியாது மாமா.”

“அப்ப எனக்கு ஒண்ணு குடு.”

அவர் கை நீட்டியதும் மற்றவர்களும் நீட்டினார்கள்.

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று தொடங்கியிருந்த ஒரு காலை. மீன் பிடிக்கப் போன மனுவேலின் வள்ளத்தில் இன்ஜின் நின்றுபோனது. கயிற்றை இழுத்து இழுத்துக் கை மரத்ததுதான் மிச்சம். காற்று அவரையும் கூட இருந்த இரண்டு பேரையும் ஆழத்துக்குத் தள்ளியது. போனில் டவர் இல்லை. மனுவேல் சிவப்புப் பொத்தானை அமுக்கினார்.

கரையில் கோயில் அறைக்குள், கோபுர ஆண்டெனாவோடு இணைத்திருந்த கணினியைப் பார்த்துக்கொண்டிருந்த எமில்டாவும் ஷெர்லியும் மனுவேலின் வள்ளத்து எண் சிவப்பாக மின்னுவதைக் கண்டார்கள். “ஆள் கிளப்புங்க! எங்கப்பா மாட்டிக்கிட்டாவ!” என்று எமில்டா வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினாள். கரையில் நின்ற வள்ளத்தைத் தள்ள ஆட்கள் ஓடினார்கள்.

அப்போது ஷெர்லி அலறினாள். “எமி, இங்க வா! பதில் வருது!”

கிளைட்டனின் வள்ளத்திலிருந்து, நடுவில் நின்ற வள்ளங்களைத் தாண்டி வந்திருந்தது அந்தச் செய்தி. ஆபத்துச் செய்திக்கான பதிலும் பூட்டில்லாமல்தான் வரும்; ஊருக்கே தெரியும்படி அவர் அனுப்பியிருந்தார்: “மனுவேல் எனக்குப் பக்கத்துலதான் கெடக்கான். கட்டி இழுத்துட்டு வாரேன்.”

எமில்டா அதை உரக்கப் படித்தாள். ஷெர்லி அவளைக் கட்டிக்கொண்டாள். வெளியே யாரோ கோயில் மணியை அடிக்கத் தொடங்கினார்கள்.

உச்சி வெயிலில் இரண்டு வள்ளங்களும் ஒரே கயிற்றில் வந்தன. கரை முழுக்க ஆட்கள். அலை உடையும் இடத்தில் பத்துப் பேர் இறங்கி வள்ளத்தைப் பிடித்தார்கள். மனுவேல் குதித்து இறங்கி நேராகக் கிளைட்டனிடம் போனார்.

“என் எடத்தப் பாத்துட்டியேலே,” என்றார்.

“பாத்தேன். அங்கன மீனே இல்லியே, ஏன்லே போன?” என்றார் கிளைட்டன்.

மனுவேல் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு கிளைட்டனின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கல்லூரியில் புராஜெக்ட் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு குறையைப் பிடித்தார். “எல்லாச் செய்தியும் பூட்டியிருக்கு. ஆபத்துச் செய்தி மட்டும் திறந்து கிடக்கே, இது ஓட்டை இல்லையா?”

எமில்டா வாயைத் திறப்பதற்குள் ஷெர்லி எழுந்துவிட்டாள்.

“இல்ல சார். நானும் முதல்ல அப்படித்தான் சண்ட போட்டேன். ஆனா அந்த ரெண்டையும் பிரிச்சதுனாலதான் ஊரே இதுல சேந்துச்சு. ரகசியம் காப்பாத்தும்னு நம்பினாங்க, ஆபத்துல கைவிடாதுன்னும் நம்பினாங்க. ரேடியோ அதுக்கப்புறம்தான் சார்.”

பேராசிரியர் வரைபடத்தை மறுபடி தன் பக்கம் இழுத்துவைத்துப் பார்த்தார். மற்ற ஊர்க் கரைகளுக்கும் இதைக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். நேரம் முடிந்தும் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். வெளியில் வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டிப் பார்த்தார்கள்.

அந்த ஆண்டு துறையிலேயே முதல் மதிப்பெண் அவர்களுக்குத்தான். வராந்தாவில் பலகையில் பெயரைப் பார்த்ததும் எமில்டா போட்ட கூச்சலில் அலுவலக அறை ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஷெர்லி அவளை அடக்கப் போய், தானும் சேர்ந்து கத்தினாள்.