நூற்றுக்குப் பதினான்கு

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை. சிவகாசியை ஒட்டிய நாரணாபுரத்தில், ஒரு பட்டாசுக் கம்பெனியின் வாசல் கொட்டகையில், நாற்பத்தொரு சர்க்கரை நோயாளிகளுக்கு இதய நோய் வருவதற்கான வாய்ப்பு கணக்கிடப்பட்டது. ஆண்கள் இருபத்துநான்கு பேர், பெண்கள் பதினேழு பேர். புகைப்பழக்கம் உண்டா என்ற கேள்விக்கு நாற்பத்தொரு பேரும் இல்லை என்றார்கள்.

கேட்டவர் கற்பகவல்லி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர். சொந்த ஊர் மல்லாங்கிணறு. வீட்டில் மானாவாரி விவசாயம். பட்டாசுப் பகுதிக்கு மாற்றலாகி வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. ஒவ்வொருவரிடமும் வயது கேட்டார். ரத்தத்தில் சர்க்கரையும் கொழுப்பும் பார்த்தார். அழுத்தம் பார்த்தார். புகைப்பழக்கத்தைக் கடைசியாகக் கேட்டார். எல்லாவற்றையும் டேப்லெட்டில் பதிந்தால், அடுத்த பத்து ஆண்டுகளில் மாரடைப்போ பக்கவாதமோ வர நூற்றுக்கு எத்தனை பங்கு வாய்ப்பு என்று ஓர் எண் வரும். பத்துக்குக் கீழே மஞ்சள். மாத்திரையைத் தொடர வேண்டியதுதான். பத்தும் அதற்கு மேலும் ஆரஞ்சு. அவர்களுக்குச் சிவகாசியில் ஜூலை 20 அன்று ஈசிஜி எடுக்க இடம் ஒதுக்கப்படும். மொத்தம் பன்னிரண்டு இடங்கள்தான் இருந்தன.

கொட்டகையில் ஒரே மேசைதான். அது ஃபோர்மேன் ராஜபாண்டியனுடையது. அவர் ஒரு முனையில் உட்கார்ந்து பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட, மறுமுனையில் கற்பகவல்லி விரலில் ஊசி குத்தினார்.

பத்தொன்பதாவதாக வந்தவர் முனியராஜ். ஐம்பத்திரண்டு வயது. மருந்தறையில் கலவை போடுபவர். ரசாயனங்களைச் சலித்துக் கையால் கலக்கும் அந்த வேலையை விடிந்ததும் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். கம்பெனியில் நாலு பேருக்குத்தான் அந்த அறைக்குள் அனுமதி. ஒன்பது வருடமாகச் சர்க்கரை. அன்றைக்கு 243 காட்டியது.

“பீடி, சிகரெட் உண்டாண்ணே?”

“அய்ய, அதெல்லாம் கெடையாது சிஸ்டர்.”

“அவன் டீயவே ஆறவச்சுத்தான் குடிப்பான்,” என்றார் ராஜபாண்டியன்.

வரிசையில் சிரிப்பு எழுந்தது. முனியராஜுக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி சின்னத்தாய் சிரிக்கவில்லை. அவர் அதே கம்பெனியில் வெடிகளை நூலால் கோத்துச் சரம் பின்னுபவர்.

முனியராஜுக்கு ஒன்பது வந்தது. மஞ்சள்.

வெள்ளிக்கிழமை மாத்திரை கொடுக்க வந்த கற்பகவல்லி, வாசலுக்கு எதிரே மாரிசாமியின் கடையில் டீ சொன்னார். கல்லாவுக்குப் பக்கத்தில் மூடியில்லாத ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதற்குள் பீடிக்கட்டுகள். ஒவ்வொரு கட்டோடும் ஒரு தீப்பெட்டி சேர்த்து நூலால் கட்டியிருந்தது. சிவப்பு நூல், பச்சை நூல், இரட்டை நூல், முடிச்சு போட்ட நூல். சரம் பின்னும் நூல்தான்.

“இது என்னண்ணே, விக்கிறதா?”

“விக்கிறதா? எல்லாம் உள்ள வேல பாக்குற ஆளுக சாமான். காலையில குடுத்துட்டுப் போவாக, சாயங்காலம் வாங்கிக்கிடுவாக. கம்பெனிக்குள்ள தீக்குச்சியோட மாட்டுனா அன்னைக்கே சீட்டு கிழிஞ்சிருமே. செல்போனும் அப்படித்தான், அந்தா அலமாரியில கெடக்கு.” மாரிசாமிக்குப் பெருமை. “பதினஞ்சு கட்டு. இன்னைக்கு வரைக்கும் ஒன்னு மாறுனதில்ல. இந்த ரெட்ட நூலு மருந்தறை முனியராஜ். ஒரு நாளைக்கு ஒரு கட்டு.”

கற்பகவல்லி பாதி டீயை வைத்துவிட்டார். மருந்தறைக்குள் போகிறவர், தனக்குப் புகைப்பழக்கம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பதையும் மாரிசாமிதான் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, “ஏம்மா, கடைக்கு ஒன்னும் வந்துறாதே?” என்று கேட்டார்.

சாயங்காலம் ஐந்தேகாலுக்குக் கம்பெனி விட்டது. முனியராஜ் கடைக்கு வந்து டின்னுக்குள் கையை விட்டார். பெஞ்சில் கற்பகவல்லி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் கையை வெளியே எடுத்தார். வெறுங்கை.

“உக்காருங்கண்ணே. ஒரே ஒரு கேள்விதான்.”

“அதான் அன்னைக்கே சொன்னேனே.”

“ஆமா, சொன்னாரு,” என்றார் பின்னால் வந்த சின்னத்தாய். “ஃபோர்மேன் மூஞ்சியப் பாத்துச் சொன்னாரு.”

“நீ செத்த சும்மா இரு.”

கற்பகவல்லி டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். புகை இல்லை என்றால் ஒன்பது, உண்டு என்றால் பதினான்கு. பதினான்கு வந்தால் ஈசிஜிக்கு இடம் கிடைக்கும். மூன்று இடங்கள் மிச்சமிருந்தன. இன்னொன்றையும் அவர் மறைக்கவில்லை: முகாம் நடத்தக் கம்பெனி போட்ட நிபந்தனைப்படி, புகைப்பழக்க விவரத்தோடு பட்டியலின் நகல் திங்கட்கிழமை ஃபோர்மேன் மேசைக்குப் போகும்.

முனியராஜ் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒம்பதுக்கும் பதினாலுக்கும் அஞ்சுதானே சிஸ்டர். நூறு பேருல அஞ்சு பேரு கூட.”

“ஆமாண்ணே.”

“மருந்தறையில நூத்துக்கு எத்தனைன்னு இந்தப் பெட்டியில போட்டிருக்கா?”

கற்பகவல்லி டேப்லெட்டை மடியில் இறக்கினார்.

“அதுல இருவத்தாறு வருசம் நின்னுட்டேன். இந்த அஞ்சுக்குப் பயந்து வேலைய விடணுமா? தீபாவளி சீசன். ஆர்டர் நெருக்குது. எனக்கு நெஞ்சுல ஒரு வலி கெடையாது, எரிச்சல் கெடையாது.”

“சுகர் இருக்கிறவங்களுக்கு வலி தெரியாமலே போயிரும்ணே. நரம்பு மரத்துப்போகும். மூச்சு வாங்குதா?”

“அது மருந்துத் தூசி.”

“தூசியா?” சின்னத்தாய் பையைக் கீழே வைத்தார். “பஸ்ஸவிட்டு எறங்கி வீடு அம்புட்டுத் தொலவா? சித்திரையில இவுக உக்காராம நடந்து வந்தாக. வைகாசியில ஓடைப் பாலத்துல ஒருக்கா உக்காந்தாக. இப்ப பாலத்துல ஒருக்கா, ரேசன் கடையில ஒருக்கா. கேட்டா, சும்மா ஆள்கிட்டப் பேசிக்கிட்டு இருந்தேம்பாக. ரேசன் கடை அடச்சுக் கெடக்கு, யார்ட்டப் பேசுனீக?”

மாரிசாமி சிரித்தார். முனியராஜ் சிரிக்கவில்லை.

“என்னைய மருந்தறையிலருந்து எடுத்துட்டா எங்கன போடுவான் தெரியுமா? பெட்டி ஒட்ட விட்டுருவான், பொம்பளையாளுகளோட.”

“ஒட்டுங்க. நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?”

பதிந்த விவரத்தைத் திருத்த வேண்டுமானால், நோயாளி கொடுத்த எண்ணுக்கு ஓடிபி போகும். முனியராஜ் கொடுத்திருந்தது வீட்டிலிருக்கும் ஒரே செல்போனின் எண். அது பகலெல்லாம் மாரிசாமியின் அலமாரியில் கிடக்கும். கற்பகவல்லி திருத்தத்தை அழுத்தியதும் அலமாரியில் அது சத்தம் போட்டது. சின்னத்தாய் எழுந்து போய் எடுத்தார்.

“அண்ணே, நீங்க சொன்னாத்தான் நான் மாத்த முடியும்,” என்றார் கற்பகவல்லி.

முனியராஜ் எதிரே இருந்த கம்பெனி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். காவலாளி கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

“வாசிக்கட்டுமா?” என்று சின்னத்தாய் கேட்டார்.

“ஒனக்குத்தான் நல்லாத் தெரியுமே. வாசி.”

சின்னத்தாய் நான்கு எண்களையும் ஒவ்வொன்றாக வாசித்தார். திரையில் மஞ்சள் போய் ஆரஞ்சு வந்தது.

அன்று சாயங்காலமும் மறுநாளும், டின்னில் கட்டு வைத்திருந்த மற்ற பதினான்கு பேரையும் கற்பகவல்லி தனித்தனியாகப் பார்த்தார். எல்லோரும் செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்றவர்கள்தான். ஒருவரும் திருத்தச் சம்மதிக்கவில்லை. இரண்டு பேர் பீடியே தங்களுடையது அல்ல என்றார்கள்.

திங்கட்கிழமை நகல் போனது. ராஜபாண்டியன் முனியராஜைக் கூப்பிட்டு, “ஏலே, நீயுமாலே?” என்று மட்டும் கேட்டார். பத்து மணிக்கு மருந்தறையின் ஆள் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிட்டுச் சங்கிலிமுத்து என்று எழுதினார்கள். சங்கிலிமுத்துவின் கட்டு டின்னில் பச்சை நூலில் இருந்தது. புகைப்பழக்கம் இல்லை என்று அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

ஜூலை 20 அன்று எடுத்த ஈசிஜியில் மாறுபாடு இருந்தது. எப்போதோ ஒரு சிறு மாரடைப்பு வந்துபோயிருக்க வேண்டும் என்று மருத்துவர் எழுதினார். எப்போது என்று முனியராஜால் சொல்ல முடியவில்லை. மதுரையில் ஆகஸ்ட் 2 அன்று ஆஞ்சியோகிராம் செய்தார்கள். இரண்டு ரத்தக் குழாய்களில் அடைப்பு. ஒன்றில் தொண்ணூறு சதவீதம். காப்பீட்டு அட்டையில் இரண்டு ஸ்டென்ட் வைத்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

செப்டம்பர் 11 அன்று அவர் வேலைக்குத் திரும்பினார். பெட்டி ஒட்டும் பிரிவில் இரண்டாவது வரிசையில் உட்காரவைத்தார்கள். முதல் நாள் நூற்றுப்பத்துப் பெட்டி ஒட்டினார். பக்கத்திலிருந்த பெண்கள் ஆளுக்கு முந்நூறு ஒட்டியிருந்தார்கள்.