லானியின் இதயக் கோளாறு

துக்கத்துக்கு அத்தாட்சி கேட்பதுதான் என் வேலை. கென்டக்கி மலைப்பக்கத்தில், இரண்டு வருடப் படிப்பு தருகிற ஒரு சின்னக் கல்லூரியில், உதவித்தொகை மேசையில் உட்கார்ந்திருக்கிறேன். இங்கே வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அரசு தருகிற பணத்தில்தான் படிக்கிறார்கள். பாடத்தில் தோற்றால் பணம் நின்றுபோகும். திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் ஏன் தோற்றாய் என்று கல்லூரிக் குழுவுக்கு எழுதித் தர வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, நிரூபிக்கவும் வேண்டும். அம்மா செத்துப்போனாளா, சான்றிதழ் கொண்டு வா. புருஷன் அடித்தானா, போலீஸ் காகிதம் கொண்டு வா. இந்த விதியை எழுதின மகராசன் யாரென்று தெரியாது. தெரிந்தால் ஒரு நாள் முழுக்க அவனை என் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்ப்பேன்.

டென்சில் ஸ்டிடம் நின்றுபோன பணத்தைத் திரும்பக் கேட்டு ஜூலை மாதம் வந்தான். முப்பத்தொரு வயது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடியதும் வேலை போய், மூச்சுச் சிகிச்சை படிக்க வந்தவன். அவன் அப்பா சுரங்கத் தூசி நுரையீரலில் படிந்து, மூச்சுக்குத் தவித்தே போய்ச் சேர்ந்தவர். "அப்பாவுக்கு மூச்சு மெஷின் மாட்ட அவ்வளவு தூரம் லெக்சிங்டன்ல இருந்து ஒருத்தன் வந்தான்க்கா. இந்த மலையில மூச்சு வாங்காத வீடு இல்ல, அதுக்கு வைத்தியம் தெரிஞ்சவன் ஒருத்தன் இல்ல" என்று சேர்ந்த அன்றைக்கே என்னிடம் சொன்னான். ஆகஸ்டில் அந்த வகுப்பு ஆரம்பம். இருப்பதே கொஞ்சம் இடம், அதில் ஒன்றை அவனுக்கு ஒதுக்கியிருந்தார்கள். உதவித்தொகை வராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

சிக்கல் இதுதான். போன செப்டம்பரில் நாலு பொதுப் பாடம் எடுத்தவன், டிசம்பரில் நாலிலும் தோற்று எஃப் வாங்கினான். ஜனவரியில் திரும்பி வந்தான். வந்த இரண்டாவது வாரம் அவன் தம்பி லானி இறந்தான். அதோடு டென்சில் வகுப்புக்கு வருவதை நிறுத்திவிட்டான்.

அவன் எழுதிக் கொடுத்த விளக்கத்தைப் படித்தேன். "குடும்பத்தில் கஷ்டம். மன்னிக்கவும்." அவ்வளவுதான்.

"ஏண்டா தம்பி, தந்தியா அடிக்கறே?" என்றேன். "இதைக் கொண்டுபோய் குழுவுக்கு முன்னாடி வெச்சா என்னைத்தான் திட்டுவாங்க."

"வேற என்ன எழுதறது?"

"லானி போனதை எழுது. ஜனவரிக்கு அது போதும், பத்திரிகைல வந்த இரங்கல் செய்தியே போதும். ஆனா நாலு எஃப்பும் அதுக்கு முன்னாடி வாங்கினதாச்சே. செப்டம்பர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் என்ன ஆச்சு?"

"தம்பிக்கு உடம்பு சரியில்ல. பாத்துக்கிட்டேன்."

"என்ன உடம்புக்கு?"

தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். "இதயக் கோளாறு."

"அப்போ டாக்டர் கடிதம் ஒண்ணு வாங்கிட்டு வா."

அவன் சுவரைப் பார்த்தான்.

எங்கள் மலையில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வீட்டார் தங்கள் சாவுக்கு என்ன காரணம் சொல்கிறார்களோ, ஊரும் அதையேதான் சொல்லும். லானிக்கு இருபத்தாறு வயது. முதுகில் அடிபட்டபோது கொடுத்த வலி மாத்திரையில் ஆரம்பித்து, போதை ஊசியில் போய் முடிந்தான். ஊருக்கே தெரியும். ஆனால் அவன் அம்மா வெர்டி சவப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, "இதயம் நின்னுபோச்சு" என்றாள். ஆளாளுக்கு பீன்ஸும் சோளரொட்டியும் சமைத்துக் கொண்டுபோனோம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த வயசுல இதயக் கோளாறா, பாவம்" என்றோம். நானும்தான் சொன்னேன். அதுதான் மரியாதை.

அதனால், உண்மையை எழுதுடா என்று அவனிடம் என்னால் சொல்ல முடியவில்லை. சொன்னால் எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். எனக்குத் தெரியும் என்றால் அவன் அம்மாவைப் பொய்க்காரி என்று சொன்ன மாதிரி.

சுற்றி வளைத்துப் பார்த்தேன். "இங்க எழுதறது இந்த அறையைத் தாண்டாது டென்சில். சட்டம் அப்படி."

அவன் சிரித்தேவிட்டான். "போன வாரம் நான் டிரக்குக்கு டயர் மாத்தினேன். இன்னிக்கு நான் உள்ள வந்ததும் முதல்ல அதைப் பத்தித்தானே விசாரிச்சீங்க? உங்களுக்கு யார் சொன்னாங்க?"

நான் மேசையில் கிடந்த காகிதங்களை அடுக்கினேன்.

"அந்தக் குழுவுல யார் யார் இருக்காங்கக்கா?"

"கணக்கு வாத்தியார் ஹோபர்ட். ஆலோசனைப் பிரிவுல ஒரு பொண்ணு. அப்புறம் லைப்ரரி ஒலீட்டா."

"ஒலீட்டா காடில்." அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டான். சர்ச்சில் அவன் அம்மாவோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள் ஒலீட்டா. "பரவால்லக்கா. விடுங்க. ஒஹாயோவுல என் மச்சான் ஒருத்தன் கிடங்குல இருக்கான். பெட்டி தூக்க ஆள் வேணுமாம்."

பிடித்த பிடியை விடுகிற ஜாதியில்லை இந்த ஸ்டிடம்கள். மாணவர்களுக்கென்று கீழே ஒரு உணவு அலமாரி வைத்திருக்கிறோம், காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். ஒரு நாளும் அவன் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. ஒருமுறை நானே ஒரு பை நிறைய எடுத்து அவன் டிரக்கில் வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் அந்தப் பை அப்படியே என் மேசைக்கு வந்தது, மேலே அவன் அம்மா தோட்டத்துத் தக்காளி வேறு. கல்லுளிமங்கன்.

குழு கூடுகிற நாள் வந்தது. நடுப்பகலுக்குள் வந்து, இடம் வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்படி அவனுக்குத் தகவல் அனுப்பியிருந்தேன். அவன் வருவதற்கு முன்னால் வெர்டி வந்தாள். ஞாயிற்றுக்கிழமைக்கு உடுத்துகிற நீல உடை. கைப்பையை வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

"ஜூவல், என் பையன் ஒஹாயோவுக்குப் போறேங்கறான். படிப்பு பிடிக்கலையாம். சமையல் மேசை பூரா நுரையீரலா வரைஞ்சு வெச்சவனுக்குப் பிடிக்கலையாம். என்ன நடக்குது இங்க?"

"அம்மா, அவன் விஷயத்தை நான் உங்ககிட்ட பேசக்கூடாது. சட்டம்."

"பெத்தவகிட்டயா?"

"பெத்தவங்ககிட்டயும்தான்."

"எந்தக் கிறுக்கன் எழுதின சட்டம் அது?"

"நானும் அவனைத்தான் தேடிட்டிருக்கேன்."

அவள் சிரிக்கவில்லை. எதிரில் உட்கார்ந்தாள். "சரி. என் பையனைப் பத்தி வேண்டாம். பொதுவா கேக்கறேன். ஒரு பையன் தோத்துட்டா என்ன செய்யணும்?"

"ஏன் தோத்தேன்னு சொல்லணும்."

"சொல்லாட்டி?"

"பணம் வராது."

"நோயாளியைப் பாத்துக்கிட்டேன்னு சொன்னா?"

"என்ன நோய்னு டாக்டர் எழுதித் தரணும்." இதைச் சொல்லும்போது நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "டாக்டர் காகிதம் இல்லேன்னா, கூட இருந்து பாத்தவங்க யாராவது வந்து சொன்னாலும் ஏத்துப்பாங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது என்று எனக்கும் புரிந்தது. மகன் படிப்பை விடுவது படிப்பு பிடிக்காமல் இல்லை. அவள் சொன்ன ஒரு வார்த்தையைக் காப்பாற்றுவதற்காக.

"அவங்க எங்க உக்காந்திருக்காங்க?"

"அந்த அறைலதான். ஆனா அம்மா, உள்ள ஒலீட்டா..."

"இருக்கட்டும்."

எழுந்து நேரே போய்க் கதவைத் தட்டாமல் திறந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். மூன்று பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒலீட்டா பாதி எழுந்து, "சகோதரி வெர்டி, வாங்க" என்றாள்.

"உக்காரு ஒலீட்டா. நான் டென்சிலைப் பத்திப் பேச வரல, அதுக்குச் சட்டம் இருக்காம். நான் என் சின்னவனைப் பத்திப் பேச வந்தேன்." கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். "லானிக்கு இதயக் கோளாறு எதுவும் இல்ல. ஊசி போட்டுக்கிட்டான். அதுலதான் செத்தான்."

ஒலீட்டாவின் கண் நிறைந்துவிட்டது. அவள் மெதுவாகச் சொன்னாள்:

"தெரியும் வெர்டி."

"என்ன தெரியும்?"

"எல்லாருக்குமே தெரியும். அன்னிக்கே தெரியும். உனக்காகத்தான் நாங்க..."

வெர்டி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவே அவளுக்குப் பதிலாகப் போயிற்று.

"அப்போ உங்களுக்குத் தெரியும்ங்கறது தெரியாதவ நான் ஒருத்திதானா?" குரல் எழும்பியது. "எத்தனை நாளா இதயக் கோளாறுன்னு பெட்டிக்குப் பக்கத்துல நின்னு கேட்டியே ஒலீட்டா, என் கையைப் பிடிச்சுக்கிட்டு! உங்க மரியாதையில மண்ணு விழ! உங்களுக்குத் தெரிஞ்சுடக் கூடாதுன்னுதானே ஒருத்தன் ஒஹாயோவுக்குப் பெட்டி தூக்கப் போறான்!"

ஒலீட்டா முகத்தைப் பொத்திக்கொண்டாள். ஹோபர்ட் வாத்தியார் நாற்காலியை இழுத்துப் போட்டார். வெர்டி உட்காரவில்லை.

"எழுதிக்கோங்க. ஒண்ணு விடாம எழுதிக்கோங்க. செப்டம்பர்ல ரெண்டு பேரும் என் வீட்டுக்கு வந்துட்டாங்க. சின்னவன் ராத்திரி வெளிய போயிடக் கூடாதுன்னு பெரியவன் வாசப்படிக்குக் குறுக்கே படுத்தான். போதையில மூச்சு நின்னா மூக்குல அடிக்கிற அந்த மருந்தைச் சட்டைப் பையிலயே வெச்சிருந்தான். ரெண்டு தடவை நீலம் பாரிச்சுக் கிடந்தவனை எழுப்பி உக்கார வெச்சான். போதையை விட வைக்கிற கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போனான், வெளிய டிரக்குல காத்துக் கிடந்தான். அந்த நேரத்துக்கெல்லாம் இங்க வகுப்பு நடந்திருக்கும். ஜனவரியில லானியே சொன்னான், நீ போ, நான் நல்லா இருக்கேன், போய்ப் படின்னு. இவனும் போனான். ரெண்டே வாரம்."

ஹோபர்ட் வாத்தியார் பேனாவை வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். அந்த நாலு எஃப்பில் ஒன்று அவர் போட்டது.

"நாலு எஃப் போட்டிருக்கீங்களாமே," என்றாள் வெர்டி. "நல்லாப் பாருங்க அதை. அது என் சின்னவனோட செப்டம்பர், அக்டோபர், நவம்பர், டிசம்பர். இவன் அதுல பாஸ் பண்ணியிருந்தா, கிறிஸ்துமஸுக்கு என் மேசையில ஒரு பிள்ளைதான் உக்காந்திருக்கும்."

கதவுப் பக்கம் சத்தம் கேட்டுத் திரும்பினேன். டென்சில் நின்றுகொண்டிருந்தான். எப்போது வந்தானோ. முகம் வெளுத்துப் போயிருந்தது.

"அம்மா, போதும்மா. உன்னை யார் வரச் சொன்னது?"

"யாரும் சொல்லல."

"ஊரெல்லாம் பேசுவாங்க."

"பேசட்டும். ஒருத்தனைப் புதைச்சாச்சு. இன்னொருத்தனை ஒஹாயோவுல புதைக்க மாட்டேன்."

அவன் அப்படியே சுவரில் சாய்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி தேம்பித் தேம்பி அழுதான். அவன் தம்பியைப் புதைத்த அன்றைக்குக்கூட அவன் அழுது நான் பார்க்கவில்லை. வெர்டி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

குழு அன்று சாயங்காலமே முடிவு சொல்லிவிட்டது. உதவித்தொகை உண்டு, இடமும் உண்டு. வெர்டியும் ஒலீட்டாவும் இப்போது சர்ச்சில் ஒரே பெஞ்சில் உட்காருவதில்லை. ஒலீட்டா இரண்டு முறை அவள் வீட்டுப் படி ஏறிவிட்டாள். கதவு திறக்கவில்லை. என்னைக் கண்டாலும் வெர்டி ஒரு தலையாட்டலோடு போய்விடுகிறாள்.

வகுப்பு தொடங்கின வாரம் டென்சில் கையெழுத்துப் போட வந்தான். நான் அவனுக்காக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். இப்படிப்பட்ட காரணம் இருந்தால் அந்த எஃப்களையே எடுத்துவிட்டு, பாடத்தைக் கைவிட்டான் என்று மாற்றி எழுத எங்கள் கல்லூரி அனுமதிக்கும். மதிப்பெண் பட்டியல் சுத்தமாகிவிடும். பின்னால் வேலைக்குப் போகிற இடத்தில் யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள்.

"ஹோபர்ட் சார் தானே வந்து சொன்னார்டா, அவர் பாடத்தை முதல்ல மாத்திக் குடுக்கறேன்னு. இங்க ஒரு கையெழுத்துப் போடு, நாலும் அழிஞ்சு போயிடும்."

அவன் காகிதத்தைப் பார்த்தான். பேனாவைத் தொடவில்லை.

"வேண்டாம்க்கா," என்றான். "அந்த நாலும் இருக்கட்டும்."