குர்துக்காரன் கதையின் கடைசிப் பகுதி

எங்க வீட்டுக்காரருக்கு ஒரு கதையப் பாதியில நிறுத்தத் தெரியாது. இருபது வருஷம் அந்த ஆளோட குடும்பம் நடத்தினவ சொல்றேன். சோறு ஆறிப்போகும், அடுப்பு அணைஞ்சுபோகும், அவரு முடிச்சாத்தான் எந்திரிப்பாரு. நானும் சும்மா கேக்க மாட்டேன். ‘ம்’ கொட்டுவேன். மூச்சு வாங்க நிறுத்தினாருன்னா ‘அப்புறம்?’னு கேப்பேன். எங்க ஆளுங்கள்ல அதுதான் மரியாதை. ஊமையாட்டம் உக்காந்து கேட்டா சொல்றவனுக்கு நாக்கு எழும்பாது.

ஜப்பான்காரன் வந்து ரெண்டாவது வருஷம். மலாய் நாட்டுல, பாலோவுக்கு உள்ள ஒரு தோட்டத்துல இருந்தோம். வெள்ளைக்காரத் துரை ஓடிட்டான், கித்தா மரம், அதான் ரப்பர் மரம், பால் வெட்டுவாரில்லாம நின்னுச்சு, நாங்க மரவள்ளி நட்டு அதையே மூணு வேளையும் தின்னோம். சித்திரையில சயாமுக்கு ரயில் போடணும்னு அறுபது ஆம்பளைங்கள லாரியில ஏத்தினாங்க. மூணு மாசத்துல திரும்பிடுவாங்கன்னாங்க. ஆவணி முடிஞ்சும் ஒருத்தனும் வரல. ஒரு கடுதாசி கூட வரல. பக்கத்து வீட்டு காளியம்மா புருஷனும் அதுல போனவன்தான்.

புரட்டாசியில ரெண்டாவது பட்டியல் எழுதினாங்க. பிள்ளை குட்டி இல்லாத ஆம்பளைங்க பேரு மேல இருந்துச்சு. எங்களுக்குப் பிள்ளை இல்லாதத ஊரு அதுவரைக்கும் வாயால சொல்லிச்சு, இப்ப எழுதியே வெச்சுட்டாங்க.

கிராணி சதாசிவம் எங்க லயத்து வீட்டுக்கே வந்தாரு. தோட்டத்து ஆபீஸ்ல வேலை, மலாய் நல்லாப் பேசுவாரு, கெட்டவரு இல்ல. “அய்யாவு, உனக்கு ஒரு வழி இருக்கு. ஞாயித்துக்கிழமை பெரிய ஆபீசர் வர்றாரு. வெள்ளைக்காரன் அக்கிரமத்தக் கண்ணால பார்த்தவன் யாராவது பேசணுமாம். அந்தக் குர்துக்காரன் கதையச் சொல்லு. ஆபீசருக்குப் பிடிச்சுப்போச்சுன்னா, உன்னைய பிரச்சாரத்துக்கு வேணும்னு எழுதிப் பேர எடுத்துடறேன்”னாரு.

அந்தக் கதை எனக்கு மனப்பாடம். இவரு வாலிப வயசுல மதராஸ் பட்டாளத்துல ரோடு போடுற பிரிவுல இருந்தாரு. ஈராக்குக்கு வடக்க மலையில வேலை. அங்க குர்துன்னு ஒரு ஜனம். அவங்களுக்குத் தனி பாஷை, தனி உடுப்பு, தனிப் பாட்டு, எல்லாம் உண்டு, நாடு மட்டும் இல்ல. வெள்ளைக்காரன் போய், ‘துருக்கிக்காரன விரட்டிட்டோம், இனி உங்க மலைய நீங்களே ஆண்டுக்கங்க’ன்னானாம். ரோடு முடிஞ்சதும் பேச்சு மாறிப்போச்சு. சொன்னது என்னாச்சுன்னு கேட்டவன் ஊரு மேல ஏரோப்ளேன்ல வந்து குண்டு போட்டான். இவரோட கல்லு சுமந்த ஒரு குர்துக்காரன் தினம் இவருக்கு ரொட்டி கொண்டாந்து குடுப்பானாம். அந்த ஆளு வீட்டுல, ரொட்டி சுட்ட அடுப்பு ஒண்ணுதான் மிச்சம் நின்னுச்சாம். அவன் ஒருத்தன்தான் பிழைச்சான்.

இவரு அது வரைக்கும் சொல்லிக்காட்டினதும் கிராணி கைய நீட்டித் தடுத்தாரு. “குண்டோட நிறுத்திடணும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வரக்கூடாது.”

அதுக்கு மேலதான் கதையில கடைசிப் பகுதி. வெள்ளைக்காரன் பின்னால மனசு மாறி, நாடு தர்றோம்னு காகிதத்துலயே எழுதினான். மூணு வருஷத்துல துருக்கிக்காரனோட ராசியாயிட்டான். அதோட காகிதத்தப் பத்திப் பேச்சே இல்ல. மலைக்குக் குறுக்க கோடு கிழிச்சு பக்கத்து நாடுகளுக்குப் பங்கு வெச்சாச்சு. அப்பதான் அந்த ரொட்டிக்காரன் இவருகிட்ட, ‘விடுதலை குடுக்க வந்தேன்னு ஒருத்தன் துப்பாக்கியோட வந்தா, உன் வீட்டுல எந்த அறை அவனுக்கு வேணும்னு கேளு’ன்னு சொன்னானாம்.

“துருக்கி இந்தச் சண்டையில யாரோடயும் சேராம நிக்கிறான்”னாரு கிராணி. “அவன் முகம் கோணக்கூடாதுன்னு ஜப்பான்காரன் பார்க்கிறான். துருக்கின்னே வாயில வரவேணாம்.” அப்புறம் கதவப் பார்த்துட்டுக் குரலத் தணிச்சாரு. “போன மாசம் கெடா, கிளந்தான், பெர்லிஸ், திரெங்கானு நாலையும் சயாமுக்கு எழுதிக் குடுத்துட்டான். அங்க இருக்கிற மலாய்க்காரன ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல. இப்பப் போயி நீ கோடு, காகிதம், பங்குன்னு பேசினா யாரச் சொல்றேன்னு நினைப்பான்?”

அஞ்சு சாயங்காலம் ஒத்திகை பார்த்தோம். அவரு அடுப்புப் பக்கம் நின்னு சொல்லுவாரு, நான் கீழ உக்காந்து ம் கொட்டுவேன். முதல் நாளு குண்டத் தாண்டி ஓடிட்டாரு. நான் கரண்டியத் தூக்கி எறிஞ்சேன். “கடைசியச் சொல்லாம விட்டா அந்த மனுசனுக்கு நான் துரோகம் பண்ண மாதிரி இல்ல?”ன்னாரு. எனக்கு வந்துச்சே ஆத்திரம். “அவனுக்கு நீங்க பட்ட கடன் போதும். எனக்கு நீங்க உசிரோட வேணும். வேற நாடும் வேணாம், காடும் வேணாம்”னு கத்தினேன். அழுதுட்டேன். மறுநாள்லேருந்து குண்டோட நிறுத்தக் கத்துக்கிட்டாரு. நிறுத்திட்டு, பல்லக் கடிச்சுக்கிட்டு நிப்பாரு. பார்க்கப் பாவமாத்தான் இருக்கும். நான் மனசக் கல்லாக்கிக்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில திடல்ல முந்நூறு பேரு உக்காந்திருந்தோம். ஆம்பளைங்க ஒரு பக்கம், பொம்பளைங்க ஒரு பக்கம். காளியம்மா என் தோள இடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ஆபீசர் நாற்காலியில, கத்தி மடியில. அவரு பின்னால கண்ணாடி போட்ட ஒரு ஜப்பான்காரன், பட்டாள உடுப்பு இல்லாம வெள்ளைச் சட்டையில, கையக் கட்டிக்கிட்டு நின்னான். யாருன்னு தெரியல. இவரு பேசறதக் கிராணி மலாய்ல சொல்ல, ஒரு சிப்பாய் அத ஜப்பான் பாஷையில ஆபீசர் காதுல சொன்னான்.

நல்லாத்தான் பேசினாரு. குண்டு விழுந்துச்சு. அடுப்பு நின்னுச்சு. நிறுத்திட்டாரு.

திடல்ல ஒரு சத்தம் இல்ல. முந்நூறு பேர்ல ஒருத்தன் ம் கொட்டல, எல்லாருக்கும் பயம். ஆபீசர் இவரையே பார்த்துக்கிட்டிருந்தாரு. இவரு பல்லக் கடிச்சுக்கிட்டு நின்னாரு, நெத்தியிலருந்து வேர்வை ஒழுகுது. ‘ஐயோ, மனுசன் மறந்துட்டாரு, சிக்கிக்கிட்டாரு’ன்னு நினைச்சேன். தினம் நான் பழக்கின நிறுத்தந்தான் அதுன்னு அந்த நேரத்துல எனக்குத் தோணல. தோணியிருக்கணும்.

“அப்புறம்?”

என் வாய்தான். வந்துருச்சு.

அவரு திரும்பிக்கூடப் பார்க்கல. ஆபீசரப் பார்த்துக்கிட்டே எல்லாத்தையும் சொல்லிட்டாரு. காகிதம், துருக்கி, கோடு, பங்கு. ரொட்டிக்காரன் சொன்ன வார்த்தைய நிதானமா, திடலோட கடைசி வரைக்கும் கேக்கிற மாதிரி சொன்னாரு. ஆம்பளைங்க பக்கம் எல்லாத் தலையும் குனிஞ்சுது.

கிராணி பிழைக்கத் தெரிஞ்சவரு. அந்த ஜனம் இன்னிக்கும் வெள்ளைக்காரன சபிக்குதுன்னு மலாய்ல மாத்திச் சொன்னாரு. ஆபீசர் தலைய ஆட்டிக் கை தட்டினாரு. நாங்களும் தட்டினோம். என் உசிரு திரும்பி வந்துச்சு.

கூட்டம் கலையும்போது கண்ணாடிக்காரன் இவருகிட்ட வந்தான். நல்ல தோட்டத்துத் தமிழ்ல பேசினான்.

“முந்தி பத்து பாகாட்ங்கிற ஊருல எட்டு வருஷம் தோட்டம் பார்த்தேன். உங்க ஆளுங்க கதை நிறையக் கேட்டிருக்கேன். இது நல்லா இருந்துச்சு. கடைசிதான் ரொம்ப நல்லா இருந்துச்சு.” சிரிச்ச முகம். இவரு பேரக் கேட்டு ஒரு சின்ன நோட்டுல எழுதிக்கிட்டான். அப்புறம் கிராணியப் பார்த்து, “உங்க மலாயும் நல்லா இருக்கு”ன்னான். சதாசிவம் முகத்துல ரத்தம் இல்ல.

வீட்டுக்கு வந்ததும் இவரு அடுப்புப் பக்கம் உக்காந்தாரு. “நான் நிறுத்தித்தானே இருந்தேன் ராஜம்மா? யாரு அது அப்புறம்னு கேட்டது? பொம்பளைங்க பக்கந்தான் குரல் வந்துச்சு.”

நான் கிழங்குத் தோலச் சீவிக்கிட்டிருந்தேன். நிமிரல. “காளியம்மாவா இருக்கும்”னேன்.

செவ்வாய்க்கிழமை விடிஞ்சதும் லாரி வந்துருச்சு. பட்டியல்ல முதல் பேரு இவரு. கடைசியில மையால புதுசா சேர்த்த பேரு சதாசிவம். மூணு மாசந்தான்னு அதே பேச்சத் திரும்பவும் பேசினாங்க. நான் லாரிச் சட்டத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னேன், சொல்லிடணும், இப்பயாவது சொல்லிடணும்னு. எனக்கு நாக்கு எழும்பல.

காளியம்மா ஓடி வந்தா. அவ புருஷனப் பார்த்தா சொல்லுங்கன்னு கேக்க வந்தவ. இவரு குனிஞ்சு அவ தலையத் தொட்டாரு.

“தங்கச்சி, நீ மனசு கஷ்டப்படாதே. வேணும்னேவா கேட்ட? கதை கேக்கிறவங்க கேக்கத்தான் செய்வாங்க. நான்தான் வாய அடக்கியிருக்கணும்.”

காளியம்மாவுக்கு முதல்ல விளங்கல. இவரப் பார்த்தா. பிறகு மெதுவா என்னைப் பார்த்தா. அன்னிக்கு என் தோளோட தோளா உக்காந்தவ. அவளுக்குத் தெரியும். நான் கண்ணத் தாழ்த்திக்கிட்டேன்.

“மன்னிச்சிருங்கண்ணே”ன்னா. “புத்தி கெட்டுப்போயி கேட்டுட்டேன்.”

லாரி கிளம்பிருச்சு. வளைவுல மறையிற வரைக்கும் அவரு அவளுக்குத்தான், பரவாயில்ல பரவாயில்லன்னு கைய ஆட்டிக்கிட்டே போனாரு.