சுலபமானதை முதலில்

“எந்தப் பாடத்தையும் எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்” என்று பல்கலைக்கழக விளம்பரத்தில் போட்டிருந்தது. நம்பினோம். எங்கள் வீட்டில் அதற்குமுன் யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. ஏமாற்ற இதைவிடத் தோதான ஆட்கள் கிடைப்பார்களா?

அப்பா கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து படுக்கையோடு கிடந்தார். அம்மாவுக்குச் சலவைக்கூடத்தில் வேலை. பகலில் அப்பா பக்கத்தில் ஒருத்தி இருந்தாக வேண்டும். மூன்று வருடம் நான் படிப்பது, பிறகு தங்கை என்று பேச்சு. என் மூன்றாம் வருடத்தில் அவளுக்கு நர்சிங்கில் கிடைத்த இடத்தை எனக்காக ஒரு வருடம் தள்ளிவைத்திருந்தாள்.

என் பாடப் பட்டியலில் டிக் அடித்ததும் அவள்தான். “பரீட்சையில தெரிஞ்ச கேள்விய முதல்ல எழுதுவோம்ல? அதே மாதிரிதான்க்கா. சுலபமானத முடி. புள்ளியியல்னா உனக்கு ஆகாது, கடைசில பாத்துக்கலாம்.”

முப்பத்தேழு பாடம் முடித்தேன். மிச்சம் புள்ளியியல் ஒன்று, இரண்டு, ஆய்வேடு. கடைசிப் பருவத்துக்கென்று மூன்றுக்கும் சேர்த்து நீட்டிய விண்ணப்பத்தைக் கவுண்டர்காரர் திருப்பித் தள்ளினார்.

“ஒன்னு பாஸானாத்தான் ரெண்டு. ரெண்டு பாஸானாத்தான் ஆய்வேடு. பருவத்துக்கு ஒன்னுதாம்மா. கூட ஒரு வருஷம் ஆகும்.”

“எப்ப வேணா எடுக்கலாம்னு போட்டீங்களே சார்?”

“எடுக்கலாம், வரிசைப்படி. கையேட்டுல இருக்கே.”

“ஒவ்வொரு பருவமும் இதே கவுண்டர்லதான் நீட்டினேன். முத்திரை குத்துறப்ப ஒருத்தரும் வாயத் திறக்கலையே?”

“கேட்டிருந்தா சொல்லியிருப்போம்.”

“இப்படி ஒன்னு இருக்குன்னே தெரியாதவ என்னத்த சார் கேப்பா?”

“அடுத்தவங்க வாங்க” என்றார்.

வீட்டில் தங்கை அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். சொன்னேன். போர்வையை இழுத்துவிட்டாள்.

“டிக் அடிச்ச மகராசி நான்தானே.”

“நான் நிறுத்திடறேன்டி. நீ போய்ச் சேரு.”

“முப்பத்தேழ முடிச்சிட்டு மூணுக்காக நிறுத்துவியா? லூசாக்கா நீ? ஒன்னாவது உருப்படியா முடியட்டும்.”

இரண்டாம் தடவை தள்ளிவைக்க அவள் கல்லூரியில் விதி இல்லை. இடம் போயிற்று. நான் இன்னொரு முறை வற்புறுத்தியிருக்கலாம். வற்புறுத்தவில்லை.

பட்டமளிப்பு அங்கியை அவள்தான் இஸ்திரி போட்டாள். “போட்டோவுலயாவது மூஞ்சியத் தூக்கி வச்சுக்காம நில்லு” என்றாள்.

அவள் வரவில்லை. பகலில் ஒருத்தி வீட்டில் இருந்தாக வேண்டுமே.