ஹெர்மினியா அக்கா போடாத கையெழுத்து

1.

இந்தக் கதை நான் திருடியது. பதினான்கு வருஷமாக அமெரிக்காவில், டேலி சிட்டியில் ஹெர்மினியா அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். அவர் கருவாடு பொரித்தால் நான் சோற்றுப் பானையோடு கீழே இறங்கிவிடுவேன். போன ஞாயிறு அந்தச் சாப்பாட்டு மேஜையில்தான் இதைச் சொன்னார். கை கழுவியதும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் வரி: கண்ணீர் மல்க அவள் அதிகாரியின் முன் நின்றாள், அவளுடைய நடுங்கும் கைகளில்

(விட்டுவிட்டேன். அக்கா எட்டிப் பார்த்து, "யாருடி இவ? நான் எப்ப அழுதேன்? அழுகையெல்லாம் அம்மாவைப் புதைச்ச அன்னிக்கே தீர்ந்துபோச்சு" என்றார்.)

2.

சரி, நடந்தது நடந்தபடி. அக்கா இங்கே டயாலிசிஸ் நர்ஸ். பிலிப்பைன்ஸில், சொந்த ஊரான இலோய்லோவில் அம்மாவுக்குப் பக்கவாதம் என்று போன் வந்தது. ஒரு மாதம் என்று சொல்லிப் போனார். அம்மா ஒன்பது மாதம் படுக்கையில் கிடந்தார். பிறகு சாவு, ஒன்பது நாள் ஜெபம், நாற்பதாம் நாள். "வருஷ துக்கம் முடிச்சுட்டுப் போயேன்" என்றது ஊர். ஆனால் அமெரிக்காவை விட்டுப் போய் வருஷம் தாண்டினால் கிரீன் கார்டை மட்டும் காட்டி உள்ளே வர முடியாது. பதினொன்றரை மாதத்தில் கறுப்பு உடையோடு கிளம்பினார்.*

[இங்கே விமானப் பயணம் பற்றி ஒரு பத்தி இருந்தது. அக்கா வழியெல்லாம் தூங்கினாராம். எடுத்துவிட்டேன்.]

3.

விமான நிலையத்தில் தனி அறை. இத்தனை மாதம் வெளியே இருந்தவர் இங்கே குடியிருப்பவர்தானா என்று சந்தேகப்பட்டு, அதிகாரி ஒரு தாளை நீட்டினார். நிரந்தர வசிப்புரிமையை நானே மனமுவந்து கைவிடுகிறேன் என்று அதில் இருந்தது.

"இங்க ஒரு கையெழுத்து போடுங்க. அப்புறமா சுற்றுலா விசா வாங்கிட்டு வரலாம்."

இந்த இடத்தில் என் பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம். தாயை இழந்து, தூக்கக் கலக்கத்தில் நிற்பவள் போட்டுவிட மாட்டாளா? நானாக இருந்தால் போட்டிருப்பேன். அப்படி ஒரு முடிவும் எழுதினேன்: போட்டாள். அடுத்த விமானத்தில்

"கிழிச்சுப் போடு!" என்றார் அக்கா. "இருபது வருஷமா சம்மதத் தாள்ல கையெழுத்து வாங்குறவ நான். போடலேன்னா என்ன ஆகும்னு கேக்காத நோயாளி உண்டா? போடாம இருக்க உங்களுக்கு உரிமை உண்டுன்னு நான் சொல்லியாகணும். சொல்லலேன்னா என் சீட்டு கிழிஞ்சிடும்."

அந்தக் கேள்வியையே அதிகாரியிடம் கேட்டார்.

"போடலேன்னா என்ன ஆகும் சார்?"

"நீதிபதி முன்னாடி நிக்கணும்."

"ரொம்ப நல்லது. அவர்கிட்டயே பேசிக்கிறேன்."

பிறகு பையைத் திறந்தார். மூன்று முறை நீட்டித்த விடுப்புக் கடிதம், அங்கிருந்தே தாக்கல் செய்த வருமான வரி, இந்த வீட்டு ஒப்பந்தம், அம்மாவின் மருத்துவக் குறிப்புகள், இறப்புச் சான்றிதழ். எல்லாம் தேதி வரிசையில். மேலதிகாரி வந்து புரட்டினார், ஒரு கேள்வியும் கேட்காமல் முத்திரை குத்தினார்.

அக்கா ஜெயித்துவிட்டார்! இதை அடக்கமாக எழுத எனக்கு மனமில்லை.

* கறுப்பு உடுத்துவது ஒரு வருஷம். மீதி மாதங்களை அக்கா சீருடைக்கு உள்ளே உடுத்திக் கழித்தார்.

4.

முடிவு இதுவல்ல. அதே அறையில், பக்கத்து நாற்காலியில் ஒரு பெரியவர். மனைவிக்கு உடம்பு சரியில்லை என்று மணிலா போய், அடக்கம் முடித்துத் திரும்பியவர். அதே தாள், கையில் பேனா. அக்கா பெட்டியை இழுத்துக்கொண்டே அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "அண்ணே, படிக்காம போடாதீங்க! போட்டே ஆகணும்னு சட்டம் இல்ல!"

"நீங்க கிளம்புங்கம்மா" என்று அதிகாரியின் அதட்டல். கதவு மூடிக்கொண்டது.

அவர் என்ன செய்தார் என்று அக்காவுக்குத் தெரியாது. நானும் இட்டுக்கட்ட மாட்டேன். அக்காவின் நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது, நீங்கள் உட்காருங்கள். பெரியவர் உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"அந்தம்மா சொன்னது நெசமா?"