பின்னால் வரும் வண்டி

வழிகாட்டி முன்னால் போக வேண்டும், வண்டி பின்னால் வர வேண்டும். லிசெலின் சைக்கிள் சுற்றுலாக் கம்பெனியில் முதல் விதி அதுதான். நடுவில் விருந்தாளிகள். மெதுவாக மிதிப்பார்கள், திராட்சைத் தோட்டத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பார்கள், போட்டோ எடுப்பார்கள், மறுபடி மிதிப்பார்கள். யாராவது களைத்துவிட்டால் பின்னால் வரும் வேன் அவரைச் சைக்கிளோடு ஏற்றிக்கொள்ளும். அந்த வேனை ஓட்டியது என் அண்ணன் கிளென்வில்.

அந்த வாரம் முழுக்க என் கண் முன்னால் இருந்தது, காது பின்னால் இருந்தது. வேனுக்குப் பின்னால் சைக்கிள் ஏற்றும் டிரெய்லரின் கொக்கி தளர்ந்துபோய், பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கடக் கடக் என்று அடிக்கும். சரிசெய்துவிடலாம் என்று லிசெல் சொன்னபோது, இந்தப் பயணம் முடியட்டும் என்று தள்ளிப்போட்டவள் நான்தான். அந்தச் சத்தம் கேட்கிறவரை அண்ணன் வந்துகொண்டிருக்கிறான்.

போன குளிர்காலத்திலிருந்து அவன் ஒரு சொட்டுக் குடிக்கவில்லை. அவன் மகள் மிக்கேலாவைச் சமூக நலக்காரர்கள் தூக்கிக்கொண்டுபோய் வூஸ்டர் ஊரில் ஒரு குடும்பத்திடம் விட்டிருந்தார்கள். அவளைத் திருப்பித் தருவதா என்று திங்கட்கிழமை கோர்ட்டில் முடிவாகும். வேலை இருக்க வேண்டும், குடி இருக்கக் கூடாது, அவ்வளவுதான் கேட்டார்கள். அன்று வெள்ளி, பயணத்தின் கடைசி நாள். இது நல்லபடியாக முடிந்தால் கிளென்வில் நிரந்தர டிரைவர் என்று லிசெல் கையெழுத்துப் போட்டுத் தருவாள். அவன் குடித்தவன் என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் சாவியைக் கையில் தொடவிட மாட்டாள், இன்சூரன்ஸ் ஒத்துக்கொள்ளாது. அதனால் விருந்தாளிகளுக்கும் தெரியக் கூடாது.

ஒவ்வொரு பண்ணையிலும் ருசி பார்த்துவிட்டு அவர்கள் பெட்டி பெட்டியாக ஒயின் வாங்குவார்கள். அந்தப் பெட்டிகள் எல்லாம் அண்ணனின் சீட்டுக்குப் பின்னால்தான் அடுக்கப்படும். வேறு வேலை கிடைக்கவில்லையா என்று கேட்காதீர்கள். திராட்சையைத் தொடாத வேலை இந்தப் பள்ளத்தாக்கில் எங்கே இருக்கிறது என்று நீங்களே வந்து தேடிக் காட்டுங்கள்.

காலையில் மிஷன் கிராமத்தில் நிறுத்தினோம். வெள்ளையடித்த தேவாலயம், வேய்ந்த கூரைகள், வரிசையாக ஓக் மரங்கள். கணப்பில் சுட்ட ரொட்டியும் அத்திப்பழ ஜாமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டீட்டர் என் சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்தார். டீட்டர் ஜெர்மன்காரர், ஓய்வுபெற்ற பல் டாக்டர், மனைவி ஹன்னாவோடு வந்திருந்தார்.

"பிரான்வின் செப்டம்பர்! அழகான பேரும்மா. செப்டம்பர்ல பிறந்தியா?"

"இல்லைங்க. எங்க முப்பாட்டன் செப்டம்பர்ல அடிமையா கப்பல்ல வந்து எறங்குனாரு. வாங்குனவன் அவரு பேரக் கேக்கல, மாசத்தப் பேரா வச்சுட்டான்."

சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவரா, மடகாஸ்கரிலிருந்து வந்தவரா என்பது எங்களுக்கே தெரியாது. வரலாற்றில் பட்டம் வாங்கியும் அதை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் பள்ளியைத் தாண்டிய முதல் ஆள் நான். அந்தப் படிப்பை வைத்துத் தேவாலயம் கட்டிய ஆண்டைச் சொல்லிப் பிழைக்கிறேன்.

டீட்டர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். நெஞ்சில் கைவைத்து, "மன்னிச்சுக்கோம்மா" என்றார். நடிப்பில்லை, அவர் அப்படித்தான். வழியில் ஒரு நாய் நொண்டினாலும் இறங்கிப் பார்ப்பார்.

வேனின் படியில் உட்கார்ந்து பிளாஸ்கிலிருந்து ரூய்போஸ் டீ குடித்துக்கொண்டிருந்த அண்ணன் சிரித்தான்.

"ஏன்டி வெள்ளக்காரங்களக் காலங்காத்தால அழ வைக்கிற? டிப்ஸ் வேணாமா உனக்கு?"

"உனக்கு வேணும்னா நீ போய்ப் பாட்டுப் பாடு."

"பாடுவேன். திங்கக்கிழம எம்புள்ள வரட்டும், ஊரே ஓடுற மாதிரி பாடுறேன்." அவள் படுக்கைக்கு இளஞ்சிவப்புப் போர்வை ஒன்று வாங்கி வைத்திருந்தான். அதை என்னிடம் எத்தனை தடவை சொன்னான் என்பதற்குக் கணக்கே இல்லை.

மதியம் தியூனிஸின் பண்ணை. நாங்கள் இருவரும் பிறந்த பண்ணை அது. அறுவடையின் கடைசி வாரம், காற்றிலேயே புளித்த வாடை. தியூனிஸை எங்கள் அம்மா இன்றும் சின்ன முதலாளி என்றுதான் சொல்வாள். சின்ன முதலாளிக்குத் தலை நரைத்துவிட்டது. இந்த வருடம் விருந்தாளிகளுக்காக அவர் புதிதாக ஒன்று ஆரம்பித்திருந்தார். யாரும் என்னிடம் சொல்லவில்லை.

முற்றத்து மணியை அடித்தார். அடிமைகளைத் தோட்டத்துக்கு விரட்ட அடித்த மணி. ஒரு பீப்பாயின் பக்கத்தில் தகரக் குவளைகள், பழசு போலத் தெரிவதற்காக நசுக்கி நெளிக்கப்பட்டவை.

"எல்லாரும் வரிசையில வாங்க! அந்தக் காலத்துல எங்க ஆளுங்க இப்படித்தான் வரிசையில நின்னு ஒயின் வாங்குவாங்க. வேல செய்யுற கைக்கு மரியாத. தொழிலாளர் குவளை!"

விருந்தாளிகள் கைதட்டி வரிசையில் நின்றார்கள். என் காதுக்குள் இரைந்தது. மரியாதையாம். கூலியில் பாதியை ஒயினாக ஊற்றிக் கொடுத்தார்கள். விடிந்ததும் ஒரு குவளை, இடைவேளைக்கு, சாப்பாட்டுக்கு, மறுபடி, பொழுது சாய்ந்ததும். தாத்தா அப்படிக் குடித்தார். அப்பா அப்படிக் குடித்து, கண் மஞ்சளாகி, இதே முற்றத்தில் விழுந்தார். சட்டம் போட்டுத் தடுத்த அந்தக் குவளையை இவர் கழுவித் துடைத்துக் காட்சிக்கு வைத்திருக்கிறார். இதையெல்லாம் சொல்லத்தான் நான் படித்தேன். வாயைத் திறந்தால் இந்தப் பண்ணை லிசெலின் பட்டியலிலிருந்து போகும், அதோடு நானும் அண்ணனும் போவோம். நான் வரிசையை ஒழுங்குபடுத்தினேன்.

அப்போது தியூனிஸ் வேனைப் பார்த்துவிட்டார்.

"அடேய், கிளென்வில்லாடா அது? எறங்கி வாடா! இவன் தாத்தாதான் வரிசையில எப்பவும் மொத ஆளு. இவன் குடிக்காம ஆரம்பிக்கவே கூடாது!"

அண்ணன் இறங்கி வந்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான், பண்ணைப் பழக்கம்.

"வண்டி ஓட்டுறேன், சின்ன முதலாளி."

"ஒரு குவளையில வண்டி சாஞ்சுடுமா? உங்கப்பன் அஞ்சு குவளைக்கு அப்புறம் டிராக்டர் ஓட்டுனான்டா!"

எல்லோரும் சிரித்தார்கள். குவளை அவன் கைக்கு வந்துவிட்டது. கருஞ்சிவப்பு. அவன் அதைப் பார்த்தான். எதையும் அவன் அப்படிப் பார்த்து வெகுநாளாயிற்று. அவன் குடிக்கக் கூடாது என்று நான் கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். கத்தாவிட்டால் குடிப்பான். எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. போய்க் குவளையைப் பிடுங்கி ஒரே மூச்சில் குடித்தேன்.

முற்றமே சிரித்தது.

"பாத்தீங்களா, படிச்ச புள்ளைக்குத் தாகம் ஜாஸ்தி!" என்றார் தியூனிஸ்.

அண்ணனும் சிரித்தான். காது மட்டும் சிவந்திருந்தது. வேன் பக்கம் போனதும் பெப்பர்மின்ட் ஒன்றை உரிக்கப் பார்த்தான், காகிதம் அவன் விரலுக்கு அகப்படவில்லை.

"வேணாம்னு சொல்லிருப்பேன், பிரானி."

"சொல்லிருப்பியா?"

"சொல்லத்தான் வாயத் தொறந்தேன். நீ விட்டியா?"

விருந்தாளிகள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள், நான் முன்னால் போக வேண்டும்.

கணவாய் ஏற்றத்தில் கடக் கடக் கேட்டது. உச்சியில் எல்லோரும் நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தபோதும் வேன் பின்னால் வந்து நின்றது. இறக்கத்தில் காற்றுதான் காதை அடைத்தது. அடிவாரத்தில் யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு லாரி வந்தது. ஒரு குடும்பக் கார் வந்தது. வேன் வரவில்லை. போன் செய்தேன், எடுக்கவில்லை.

"சூட்ல வண்டி மக்கர் பண்ணிருக்கும்" என்றாள் ஹன்னா.

டீட்டர் என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கோவிச்சுக்காதம்மா. அங்க நீ அவர் குவளையப் புடுங்குனது எனக்கு மனசுக்குக் கஷ்டமா போச்சு. எல்லாரும் சிரிச்சாங்க, அவர் முகம் செத்துப்போச்சு. அதான் நல்ல ஒயினா ஒரு பாட்டில் வாங்கி அவர் சீட்டுல வச்சேன். தாத்தா நெனப்பா வீட்ல போய்க் குடிக்கட்டும்னு ஒரு துண்டுக் காகிதத்துல எழுதியும் வச்சிருக்கேன்."

நான் சைக்கிளைத் திருப்பினேன். விருந்தாளிகளை விட்டுப் போகக் கூடாது என்பது இரண்டாவது விதி. நின்றுகொண்டே மிதித்தேன். தொடை எரிந்தது, நெஞ்சு கிழிந்தது, மேடு குறையவே இல்லை. டீட்டர் தன் பேட்டரி சைக்கிளில் மூச்சுக்கூட வாங்காமல் என்னைக் கடந்தார். "நான் போய்ப் பாக்குறேன்மா, நீ மெதுவா வா!"

உச்சிக்குச் சற்றுக் கீழே வேன் ஓரமாக நின்றது. எச்சரிக்கை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. சக்கரத்துக்குக் கல்கூட வைத்திருந்தான். தடுப்புச் சுவரில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் பாட்டில், காலி. டீட்டர் தள்ளி நின்று தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். சாவு வீட்டில் நிற்பதுபோல.

"வண்டிய நிறுத்திட்டுத்தான் தொட்டேன், பிரானி" என்றான் அண்ணன். "ஹேண்ட்பிரேக் போட்டிருக்கேன், போய்ப் பாரு."

"பாத்தேன்."

"திருகு மூடிடி. கார்க்கா இருந்தா தொறக்கறதுக்குள்ள புத்தி வந்திருக்கும். தொட்டதும் தொறந்துக்கிச்சு." மடியிலிருந்த துண்டுக் காகிதத்தை என்னிடம் நீட்டினான். "என்ன எழுதிருக்காருன்னு பாரேன். எவ்வளவு மரியாதையா எழுதிருக்காரு."

நான் அதை வாங்கவில்லை. அவனை அடிக்க வேண்டும்போல் இருந்தது. டீட்டரை, தியூனிஸை, யாரையாவது. கையில் சைக்கிள்தான் இருந்தது. அதைச் சுவரில் சாய்த்து வைத்தேன்.

வண்டியைக் கீழே கொண்டுபோக வேண்டும். எனக்குப் பட்டம் இருக்கிறது, லைசென்ஸ் இல்லை. அண்ணன் பண்ணை டிராக்டரில் பழகியவன். நான் அந்த நேரத்தில் புத்தகத்தில் இருந்தேன்.

"நான் ஓட்டுறேன்" என்றார் டீட்டர். அவர் கண் கலங்கியிருந்தது. "எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

காலையிலிருந்து ஒவ்வொரு பண்ணையிலும் அவர் குடித்திருந்தார். அதற்கு ருசி பார்ப்பது என்று பெயர். அவர் டிரைவர் சீட்டில் ஏறி, கண்ணாடியைச் சரிசெய்து, பெல்ட் போட்டு, பல் பிடுங்குகிற கவனத்தோடு கியரை மாற்றினார். அண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தான். நான் பின்னால், ஒயின் பெட்டிகளுக்கு நடுவே. எங்கள் சைக்கிள்களை ஏற்றிய டிரெய்லர் கடக் கடக் என்று அடித்துக்கொண்டே வந்தது. பங்க்சர் என்று சொல்லிக்கொள்ளலாம், பெப்பர்மின்ட் இருக்கிறது, தண்ணீரில் முகம் கழுவிவிடலாம் என்றெல்லாம் வழியெல்லாம் அடுக்கினேன். லிசெல் சாயங்காலம்தான் வருவாள். அதற்குள் அவனை வீட்டில் கிடத்திவிடலாம். திங்கட்கிழமைக்குள் வாடை போய்விடும்.

யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே லிசெலின் கார் நின்றிருந்தது.

ஹன்னா ஓடிவந்தாள். "நல்லவேள! விபத்தோன்னு பயந்துட்டேன். அதான் கம்பெனி நம்பருக்குப் போன் பண்ணிட்டேன். பாவம், அவங்க ஒடனே கெளம்பி வந்துட்டாங்க."

டிரைவர் சீட்டிலிருந்து டீட்டர் இறங்குவதை லிசெல் பார்த்தாள். பிறகு மறுபக்கக் கதவைப் பார்த்தாள். அது திறக்கக் கொஞ்ச நேரமாயிற்று. அண்ணன் இறங்கினான். கம்பெனித் தொப்பியைத் தலையில் நேராக வைத்தான். பிறகு அவளைப் பார்த்ததும் அதைக் கழற்றி, இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"பிரான்வின்" என்றாள் லிசெல். அவனிடம் அவள் பேசவே இல்லை. "சாவிய வாங்கிக் குடு."

நான் அண்ணனைப் பார்த்துக் கையை நீட்டினேன். அவன் பைகளைத் தடவினான். சாவி அவனிடம் இல்லை. டீட்டர்தான் தன் பையிலிருந்து எடுத்து, யாரையும் பார்க்காமல், என் உள்ளங்கையில் வைத்தார்.